விற்ற பத்திரம் எவ்வளவு சம்பாதித்தது?

கேள்வி: நான் திண்டுக்கல்லில் வசிக்கும் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை. ஓய்வின்போது வந்த தொகையில் பெரும்பகுதியை வங்கி டெபாசிட்டில் போட்டேன். ₹1 லட்சத்துக்கு மட்டும் ரிசர்வ் வங்கியின் ‘ரீடெய்ல் டைரக்ட்’ கணக்கு மூலம் மத்திய அரசுக் கடன் பத்திரம் வாங்கினேன். 7.18% வட்டி, 2033 ஆகஸ்ட் 14-ல் முதிர்வு. 2023 அக்டோபரில் ₹98.95 விலையில் வாங்கினேன். பேத்தியின் கல்லூரிச் செலவுக்காக 2025 ஏப்ரலில் ₹104.65-க்கு விற்றுவிட்டேன். இடையில் மூன்று தவணை வட்டி வந்தது.

எனக்குக் கிடைத்த வருமானம் எத்தனை சதவீதம் என்பதில்தான் குழப்பம். பத்திரத்தின் பெயரிலேயே 7.18% இருக்கிறது. வாங்கிய அன்று ஒய்.டி.எம். 7.33% என்று திரையில் பார்த்தேன். விற்ற அன்று 6.45% என்று இருந்தது. “யீல்டு இறங்கியிருக்கும்போது வித்துட்டீங்களே அண்ணி, நஷ்டம்தானே?” என்கிறார் கொழுந்தனார். “பதினோரு பர்சன்ட் வந்திருக்கும்மா” என்கிறான் மகன். நானே காகிதத்தில் போட்டுப் பார்த்தால் லாபம் ₹17,706 என்று வருகிறது. எது சரி? முதிர்வுவரை வைத்திருக்காமல் விற்றது தவறா?

- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். வரிக்கு முன் உங்கள் லாபம் ₹16,470. ஆண்டு வருமானம் 11.18%. உங்கள் மகன் சொன்னது ஏறக்குறைய சரி. நீங்கள் நஷ்டத்துக்கு விற்கவில்லை. ஆனால், இந்த 11.18 சதவீதத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்பது தனிக் கேள்வி. அதைப் புரிந்துகொள்ளாமல் அடுத்த பத்திரத்தை வாங்கினால் ஏமாற்றம் வரலாம். எனவே, படிப்படியாகப் போவோம்.

திரையில் பார்த்த சதவீதங்கள் எதைச் சொல்கின்றன?

7.18% என்பது கூப்பன். ₹100 முகமதிப்புக்கு அரசு ஆண்டுதோறும் தரும் வட்டி. நீங்கள் என்ன விலைக்கு வாங்கினாலும் விற்றாலும் அது மாறாது.

7.33% என்பது நீங்கள் வாங்கிய விலைக்கு உரிய ஒய்.டி.எம்., அதாவது முதிர்வு வரையிலான யீல்டு. ₹98.95-க்கு வாங்கி, 2033 ஆகஸ்ட் 14 வரை கையிலேயே வைத்திருந்து, முகமதிப்பு ₹100-ஐத் திரும்பப் பெற்றால் கிடைக்கக்கூடிய ஆண்டு வருமானம் அது. இடையில் வரும் வட்டியையும் அதே விகிதத்தில் முதலீடு செய்வதாக வைத்துப் போடும் கணக்கு. நடுவில் விற்ற அன்றே இந்த எண்ணுக்கும் உங்களுக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது.

6.45% உங்களுடைய வருமானமே அல்ல. உங்களிடமிருந்து ₹104.65-க்கு வாங்கியவர் முதிர்வுவரை வைத்திருந்தால் அவருக்குக் கிடைக்கப்போவது அது. அவருடைய யீல்டு இறங்கியதால்தான் உங்களுக்கு விலை ஏறியது. பத்திரத்தில் விலையும் யீல்டும் எதிரெதிர்த் திசையில் போகும் என்பதை உங்கள் கொழுந்தனாருக்குச் சொல்லுங்கள். ஏற்கெனவே கையில் வைத்திருப்பவருக்கு யீல்டு இறங்குவது நல்ல செய்திதான்.

ஆக, இந்த மூன்றில் ஒன்றுகூட உங்கள் கேள்விக்கு விடை இல்லை. முதிர்வுக்கு முன் விற்ற பத்திரத்தின் வருமானம் எந்தத் திரையிலும் எழுதியிருக்காது. உங்கள் கையிலிருந்து போன பணம், கைக்கு வந்த பணம், அவை போன தேதி, வந்த தேதி ஆகியவற்றை வைத்து நீங்களேதான் அதைக் கணக்கிட வேண்டும்.

முதல் படி: முழுத் தொகையை எழுதுங்கள்

நீங்கள் காகிதத்தில் போட்ட கணக்கு தவறியது இங்கேதான். ₹98.95, ₹104.65 என்பவை வட்டி சேர்க்காத விலைகள். அரசுப் பத்திரச் சந்தையில் இப்படித்தான் விலை சொல்வார்கள். ஆனால், பணம் கைமாறும்போது கடைசி வட்டித் தேதியிலிருந்து அன்றுவரை சேர்ந்திருக்கும் வட்டியையும் வாங்குபவர் விற்பவருக்குக் கொடுத்தாக வேண்டும். பயிர் நிற்கும் வயலை வாங்குபவர் பயிருக்கும் சேர்த்து விலை கொடுப்பதுபோல. அடுத்த தவணை வட்டி முழுவதும் வாங்கியவர் கணக்குக்கே வரும் என்பதால், இதுதான் நியாயம்.

இந்தப் பத்திரத்துக்கு வட்டித் தேதிகள் பிப்ரவரி 14, ஆகஸ்ட் 14. நீங்கள் வாங்கிய பத்திரத்துக்கான பணப் பரிமாற்றம் முடிந்த நாள் 2023 அக்டோபர் 16 என்று வைத்துக்கொள்கிறேன். (ஆர்டர் போட்ட நாளுக்கு அடுத்த வேலை நாளில்தான் பரிமாற்றம் முடியும். 13-ம் தேதி வெள்ளிக்கிழமை வாங்கினால் 16-ம் தேதி திங்கட்கிழமை.) அரசுப் பத்திரத்தில் மாதத்துக்கு 30 நாள், ஆண்டுக்கு 360 நாள் என்று கணக்கிடுவது இந்திய வழக்கம். ஆகஸ்ட் 14 முதல் அக்டோபர் 16 வரை 2 மாதம் 2 நாள். அதாவது 62 நாள். ₹7,180-ஐ 62-ஆல் பெருக்கி 360-ஆல் வகுத்தால் ₹1,236.56. விற்றதற்கான பரிமாற்றம் 2025 ஏப்ரல் 16-ல் முடிந்ததாக எடுத்துக்கொண்டால், பிப்ரவரி 14-லிருந்து அதுவும் 62 நாள்தான். அதே ₹1,236.56.

இப்போது பட்டியல் இப்படி வரும்:

2023 அக்டோபர் 16: கொடுத்தது ₹1,00,186.56 (98,950 + 1,236.56)
2024 பிப்ரவரி 14: வட்டி வரவு ₹3,590
2024 ஆகஸ்ட் 14: வட்டி வரவு ₹3,590
2025 பிப்ரவரி 14: வட்டி வரவு ₹3,590
2025 ஏப்ரல் 16: விற்ற வரவு ₹1,05,886.56 (1,04,650 + 1,236.56)

மொத்த வரவு ₹1,16,656.56. அதிலிருந்து கொடுத்ததைக் கழித்தால் ₹16,470. இதில் வட்டி ₹10,770. விலை ஏற்றம் ₹5,700. நீங்கள் விற்றபோது வங்கிக் கணக்கில் விழுந்த முழுத் தொகையிலிருந்து, வாங்கியபோது கொடுத்த ₹98,950-ஐ மட்டும் கழித்திருக்கிறீர்கள். வாங்கிய அன்று கொடுத்த ₹1,236.56 விட்டுப்போனதால்தான் ₹17,706 வந்தது. பலருக்கும் நேரும் பிழை இது. தவிர்க்க எளிய வழி, விலையை மறந்துவிட்டு, வங்கிப் பாஸ்புக்கில் பற்று வைத்த தொகையையும் வரவு வைத்த தொகையையும் மட்டும் எடுத்துக்கொள்வது.

இரண்டாம் படி: ஆண்டுக் கணக்காக்குங்கள்

₹1,00,186.56-க்கு ₹16,470 என்றால் 16.44%. இது ஒன்றரை ஆண்டுக்கான மொத்த வருமானம். 1.5-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 10.96%. உங்கள் மகன் இப்படித்தான் போட்டிருப்பார். தாளும் பேனாவும் மட்டும் இருக்கும்போது இந்தக் கணக்கு போதும். ஓரிரு ஆண்டு வைத்திருந்த பத்திரத்துக்கு விடை பெரிதாகத் தவறாது.

ஆனால், இதில் ஒரு குறை உண்டு. 2024 பிப்ரவரியிலேயே வந்துவிட்ட ₹3,590-ஐயும், 2025 ஏப்ரலில் வந்த பணத்தையும் இது ஒன்றாகவே பார்க்கிறது. முன்னால் வந்த ரூபாய்க்கு மதிப்பு அதிகம் அல்லவா? அந்த வேறுபாட்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் ‘எக்ஸ்.ஐ.ஆர்.ஆர்.’ என்ற கணக்கு. கணினியிலோ செல்போனிலோ எக்செல் போன்ற விரிதாள் இருந்தால் போதும். ஒரு பத்தியில் தேதிகள். பக்கத்துப் பத்தியில் தொகைகள். கொடுத்த தொகைக்கு முன்னால் மட்டும் கழித்தல் குறி. பிறகு எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். சூத்திரத்தைப் போட்டு முதலில் தொகைகளையும் அடுத்து தேதிகளையும் காட்டுங்கள். 11.18% என்று வரும்.

விரிதாள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், சரிபார்க்கவும் முடியும். ஆண்டுக்கு 11.18% என்ற விகிதத்தில் பின்னோக்கித் தள்ளுபடி செய்தால், மூன்று வட்டித் தவணைகளின் 2023 அக்டோபர் மதிப்பு முறையே ₹3,466, ₹3,288, ₹3,117. விற்ற தொகையின் மதிப்பு ₹90,316. கூட்டினால் ₹1,00,187. நீங்கள் அன்று கொடுத்ததும் அதுதான். வரவுகளின் அன்றைய மதிப்பைக் கொடுத்த பணத்தோடு சமமாக்கும் ஒரே விகிதம் எதுவோ, அதுவே உங்கள் வருமானம்.

ஒப்பிடும்போது ஒரு கவனம் வேண்டும். எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். சொல்வது ஆண்டுக்கு ஒருமுறை கூட்டுவட்டி என்ற அடிப்படையில். அரசுப் பத்திரத்தின் ஒய்.டி.எம். அரையாண்டு அடிப்படையில் சொல்லப்படுவது. 7.33% ஒய்.டி.எம். ஆண்டுக் கணக்கில் 7.46% ஆகும். வங்கி டெபாசிட்டில் பெரும்பாலும் காலாண்டுக் கூட்டுவட்டி, 7.25% என்று போட்டிருந்தால் உண்மையில் 7.45%. எல்லாவற்றையும் ஆண்டுக் கணக்குக்கு மாற்றிய பிறகே எது கூடுதல் என்று பாருங்கள்.

₹5,700 எங்கிருந்து வந்தது?

இதுதான் உங்கள் கடிதத்தின் முக்கியமான இடம். அரசு ஒப்புக்கொண்டது 7.18% வட்டியும் கடைசியில் ₹100-ம் மட்டுமே. அப்படியானால் ₹98.95 எப்படி ₹104.65 ஆனது?

நீங்கள் வாங்கிய வேளை அப்படி. 2023 அக்டோபர் 6 அன்று நாணயக் கொள்கைக் கூட்டத்தின் முடிவில், சந்தையில் பத்திரங்களை விற்றுப் பணப்புழக்கத்தைக் குறைக்க நேரிடலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. யீல்டு சட்டென்று ஏறியது, விலைகள் இறங்கின. அடுத்த சில நாள்களில் நீங்கள் வாங்கியிருக்கிறீர்கள். அதன் பிறகு காற்று திசை மாறியது. 2024 ஜூன் இறுதியில் ஜே.பி.மார்கன் நிறுவனத்தின் வளரும் நாடுகளுக்கான பத்திரக் குறியீட்டில் இந்திய அரசுப் பத்திரங்கள் சேரத் தொடங்கின. வெளிநாட்டுப் பணம் வந்தது. 2025 தொடக்கத்தில் ரிசர்வ் வங்கியே சந்தையில் பத்திரங்களை வாங்கியது. வங்கிகளுக்கு அது கடன் தரும் ரெப்போ விகிதம் பிப்ரவரி 7 அன்று 6.50 சதவீதத்திலிருந்து 6.25 ஆகவும், ஏப்ரல் 9 அன்று 6 சதவீதமாகவும் குறைந்தது. புதிதாக வாங்குபவருக்கு 7.18% வட்டி தரும் பழைய பத்திரம் அருமையாகத் தெரிந்தது. அதனால் கூடுதல் விலை கொடுத்தார்.

இதை எண்ணாலும் காட்டலாம். யீல்டு 7.33 சதவீதத்திலேயே நின்றிருந்தால், 2025 ஏப்ரல் 16-ல் இந்தப் பத்திரத்தின் விலை ₹99.06 ஆக இருந்திருக்கும். ₹98.95-லிருந்து ₹100-ஐ நோக்கி மெல்ல நகரும் இயல்பான ஏற்றம் வெறும் 11 காசு. மீதி ₹5.59, யீல்டு 0.88 சதவீதப் புள்ளி இறங்கியதால் வந்தது. ஆக, நீங்கள் வாங்கிய அன்று எதிர்பார்த்திருக்கக்கூடிய வருமானம் ஆண்டுக் கணக்கில் 7.46%, அதற்கு மேல் 11.18% வரை கிடைத்தது வட்டிவிகிதச் சூழல் தந்தது.

தந்ததை அது எடுத்துக்கொள்ளவும் செய்யும். யீல்டு அதே 0.88 புள்ளி ஏறி 8.21% ஆகியிருந்தால் விலை சுமார் ₹93.86-க்கு இறங்கியிருக்கும். மூன்று தவணை வட்டியையும் சேர்த்த பிறகும் உங்கள் ஆண்டு வருமானம் சுமார் 3.9% மட்டுமே. சேமிப்புக் கணக்கைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அரசுப் பத்திரம் என்றால் ஆபத்தே இல்லை என்று சொல்பவர்கள் முதிர்வுவரை வைத்திருப்பவரைப் பற்றிப் பேசுகிறார்கள். நடுவில் விற்க வேண்டியவருக்கு விலை ஆபத்து முழுமையாக உண்டு. முதிர்வுக்கு எத்தனை ஆண்டு மிச்சமோ அந்த அளவுக்கு அந்த ஆபத்தும் பெரிது. அடுத்த முறை, பேத்தியின் படிப்பு போல தேதி தெரிந்த செலவுக்கு ஒதுக்கும் பணத்தைப் பத்தாண்டுப் பத்திரத்தில் போடாதீர்கள். செலவு வரும் தேதியையொட்டி முதிரும் பத்திரத்தையோ, ட்ரெஷரி பில்லையோ, டெபாசிட்டையோ தேர்ந்தெடுங்கள். இந்த முறை சூழல் உங்கள் பக்கம் இருந்தது. அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

விற்றது தவறா?

பணம் தேவைப்பட்டது, விற்றீர்கள். அது சரியான காரணம். “பதினோரு சதவீதம் கிடைத்ததே, விற்றதால்தானே லாபம்” என்று நினைத்தால் மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ₹104.65-க்கு விற்றதில் கிடைத்த கூடுதல் தொகை, வரவிருந்த எட்டேகால் ஆண்டு வட்டிச் சாதகத்தை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொண்டது. வைத்திருந்தால் விலை படிப்படியாக இறங்கி 2033-ல் ₹100-க்கு வந்து நின்றிருக்கும். பதிலுக்கு, சந்தையில் 6.45% கிடைக்கும் காலத்தில் உங்களுக்கு 7.18% வட்டி வந்துகொண்டிருந்திருக்கும்.

விற்ற பணத்தைச் செலவழிக்காமல் மீண்டும் அதே 6.45 சதவீதத்துக்கு 2033 வரை போட்டுவைத்தீர்கள் என்று வையுங்கள். தொடக்கம் முதல் முடிவுவரை உங்கள் வருமானம் ஆண்டுக் கணக்கில் சுமார் 7.2% ஆகும். விற்காமலே வைத்திருந்து, வரும் வட்டியை மட்டும் 6.45 சதவீதத்துக்குப் போட்டு வந்திருந்தாலும் அதே அளவுதான் சேரும். வரியும் செலவும் போக, விற்றதால் மட்டும் யாரும் பணக்காரர் ஆவதில்லை. விற்ற பணத்தை அதைவிட நல்ல இடத்தில் போட்டால்தான், அல்லது உண்மையான தேவைக்குப் பயன்படுத்தினால்தான் விற்பனைக்குப் பொருள் உண்டு. உங்கள் விஷயத்தில் அந்தத் தேவை இருந்தது. லாபத்தைப் பார்த்து ஆசைப்பட்டு விற்க நினைக்கும் மற்ற வாசகர்கள் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளட்டும்: ‘இன்றைய விலைக்கு இந்தப் பத்திரத்தின் யீல்டு என்ன, என் பணம் போகப்போகும் இடத்தில் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்குமா?’ கடந்துபோன 11 சதவீதத்துக்கு இந்த முடிவில் இடமே இல்லை.

வரி போக எவ்வளவு?

வட்டி ₹10,770 உங்கள் வருமானத்தோடு சேரும். உங்கள் வருமான வரி விகிதப்படி வரி. விலை லாபம் ₹5,700 மூலதன ஆதாயம். பட்டியலிடப்பட்ட பத்திரத்தை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றதால் நீண்ட கால ஆதாயம். 2024 ஜூலை 23-க்குப் பிந்தைய விற்பனை என்பதால் 12.5%, பணவீக்கச் சரிக்கட்டல் கிடையாது. 4% செஸ் சேர்த்து ₹741. நீங்கள் 20% வரி வரம்பில் இருப்பதாக வைத்துக்கொண்டால் வட்டிக்கு வரி ₹2,240. இரண்டும் போக நிகர லாபம் ₹13,489; ஆண்டு வருமானம் சுமார் 9.1%. டெபாசிட்டோடு ஒப்பிடும்போது அதன் வட்டிக்கும் வரியைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். வாங்கும்போது கொடுத்த வட்டியையும் விற்கும்போது பெற்ற வட்டியையும் வரிக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு இரண்டும் ஒரே தொகையாக அமைந்திருக்கிறது. எல்லோருக்கும் அப்படி அமையாது.

நிறுவனப் பத்திரம் வைத்திருப்பவர்களுக்கு

கணக்கு முறை இதேதான். இரண்டு வேறுபாடுகளை மட்டும் கவனியுங்கள். பொது வெளியீட்டில் வாங்கிய என்.சி.டி.க்கள் (பங்காக மாற்ற முடியாத கடன் பத்திரங்கள்) பங்குச் சந்தையில் கைமாறும்போது, திரையில் தெரியும் விலையிலேயே சேர்ந்த வட்டியும் அடங்கியிருக்கும். அதனால்தான் வட்டிக்கான பதிவுத் தேதி கடந்ததும் விலை இறங்குகிறது. அது நஷ்டம் அல்ல. அங்கே சேர்ந்த வட்டியைத் தனியாகக் கூட்டினால் இரட்டைக் கணக்காகிவிடும். அடுத்து, இவற்றில் வாங்குபவரும் விற்பவரும் கேட்கும் விலைகளுக்கு நடுவே இடைவெளி பெரிதாக இருக்கலாம். தரகும் உண்டு. கைக்கு வந்த நிகரத் தொகையை எழுதினால் அந்த இழப்பும் தானாகவே கணக்கில் வந்துவிடும்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள், அம்மா. அடுத்த பத்திரம் வாங்கும் அன்றே ஒரு நோட்டில் தேதியையும் வங்கிக் கணக்கிலிருந்து போன முழுத் தொகையையும் எழுதிவையுங்கள். வட்டி வரும்போதெல்லாம் ஒரு வரி சேருங்கள். என்றைக்காவது விற்க நேர்ந்தால், கடைசி வரியை எழுதி விரிதாளில் போட ஐந்து நிமிடம் போதும். வருமானம் எவ்வளவு என்று வேறு யாரையும் கேட்க வேண்டியிருக்காது.